கால் மணி இடைவெளி

டாக்டரம்மா ஆள்காட்டி விரலை மேஜைமேல் வைத்து நீளமாக ஒரு கோடு இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆளுங்க எங்கப்பா?"

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கட்டடத்தின் பெரிய கூடம். காலை பத்து மணி ஐந்து நிமிடம். மூன்று மதத்துக்காரர்களும் சேர்ந்து உட்கார நாற்பது நாற்காலிகள். நாற்பதும் காலி. மின்விசிறி மட்டும் யாருக்காகவோ சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பதறவில்லை. பதற வேண்டிய நேரத்தில் பெருமைப்படுவது என் பிறவிக் குணம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரைக் காட்டினேன். அங்கே என் அட்டவணை தொங்கியது. நான்கு அடி அகலம். மூன்று நிறம். லேமினேஷன்.

"இப்ப இடைவெளிம்மா. பத்து மணிக்கு அன்னதான சபை வெளிய போயிடும். பத்தேகாலுக்கு திருச்சபைக் குழு உள்ள வரும். நடுவுல கால் மணி நேரம் க்ளியர்."

"எதுக்குக் க்ளியர்?"

"ஒருத்தர ஒருத்தர் இடிச்சிக்கக் கூடாது இல்லீங்களா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அட்டவணையை இன்னொரு தடவை படித்தார்.

"நான் குடுத்தது வீடுதானே? பஸ் ஸ்டாண்டு இல்லியே?"

அது திட்டு என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் "தேங்க்ஸ்மா" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஆள்

போன வாரம் நான் ஸ்கூட்டர் பழகிய கதையைப் படித்துவிட்டு நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நீங்கள் உண்மையிலேயே இவ்வளவு அசடா, இல்லை எழுத்துக்காகக் கூட்டிச் சொல்கிறீர்களா?" அம்மா, எழுத்துக்காகக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன். நிலையத்தின் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருக்குமே, அதற்குள் வாயில் விசிலோடு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பாரே, அது நான்தான். வண்டி வந்த நேரம், போன நேரம் குறிக்க வேண்டும். கிளம்பாத வண்டியைக் கிளப்ப வேண்டும்.

அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஒரே ரூட்டில் இரண்டு வண்டி ஒன்றாகக் கிளம்பக் கூடாது. கிளம்பினால் முன்னால் போகிறவன் நிற்காமல் போவான், பின்னால் வருகிறவன் அவனை முந்தப் பார்ப்பான், நடுவழியில் நிற்கிற ஜனத்துக்கு இரண்டும் கிடைக்காது. அதனால் நடுவில் இடைவெளி விடு. இது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போன பாடம்.

ரத்தத்தில் ஊறியது ஓய்வு பெற்றதும் வடிந்துவிடுமா? ரிட்டயரான முதல் வாரமே வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே ஒரு அட்டவணை ஒட்டினேன். காபி ஆறு பத்து. இட்லி ஏழரை. சட்னி ஏழு முப்பத்தைந்து. என் மனைவி நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். அந்த வண்டி மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பியதை நான் அவளிடமே சுட்டிக்காட்டினேன். அதற்குப் பிறகு அவள் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். சிதம்பரத்தில் பாதி ஊருக்குப் பிரசவம் பார்த்தவர். என் இரண்டு பிள்ளைகளும் அவர் கையில் பிறந்தவர்கள்தான். "கடலூர்ல என் வீடு ஒண்ணு சும்மா கெடக்கு. மூணு சங்கத்துக்குக் குடுத்திருக்கேன். பாத்துக்க ஒரு ஆள் வேணும்" என்றார். நான் யோசிப்பதற்கு முன் என் மனைவி "அனுப்பி வைக்கிறேங்க" என்றாள்.

மூன்று வண்டி லெமன் சாதம்

வீட்டை ஏன் கொடுத்தார் என்பதற்குப் பின்னால் ஒரு லெமன் சாதம் இருக்கிறது.

ஒரு மழை வருஷம். கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் தண்ணீர் புகுந்து, ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். டாக்டரம்மா அங்கே மருத்துவ முகாம் போட்டிருந்தார். நான் அன்னதான சபைக்காரர்களின் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். சபையின் செயலாளர் கோதண்டம் மாமா. என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம், சுத்த சைவம், கரும்பு ஆலையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எதைக் கையில் எடுத்தாலும் எடை சொல்லிவிடுவார்.

நாங்கள் போய் இறங்கினால், எங்களுக்கு முன்னால் ஜமாஅத்தின் நிவாரணக் குழு வந்து கொடுத்து முடித்திருந்தது. என்ன கொடுத்தார்கள்? லெமன் சாதம். நாங்கள் கொண்டுபோனது? லெமன் சாதம். விழித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் ஒரு ஹாரன். திருச்சபைகளின் ஐக்கியக் குழு. கதவைத் திறந்தார்கள். எலுமிச்சை மணம் எங்களை வந்து அறைந்தது.

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி கையெடுத்துக் கும்பிட்டார். "ஏங்க, காத்தால வந்தது ஒண்ணு, இப்ப ரெண்டு. பல்லெல்லாம் கூசுதுங்க. ஓடைக்கு அந்தாண்ட ஊர்ல ஒண்ணுமே வரலையாம். புண்ணியமாப் போவும், அவுங்களுக்குக் குடுங்க."

அந்தாண்ட ஊருக்குப் போகும் பாதை அதற்குள் மூழ்கிவிட்டது. டாக்டரம்மா ஊசி போடுவதை நிறுத்திவிட்டு எங்கள் மூன்று வண்டிகளையும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு ஒரு நாள் மூன்று செயலாளர்களையும் சிதம்பரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரே கூரைல இருங்க. ஒருத்தர் என்ன பண்றாருன்னு இன்னொருத்தருக்குத் தெரியணும். ரெண்டு வருஷம் பாக்கறேன். சேந்து வேல செஞ்சா பத்திரத்த உங்க பேருக்கு எழுதிடறேன். இல்லன்னா வித்துட்டு என் வேலையப் பாக்கறேன்."

ஒரே கூரை கிடைத்தது. அதற்குக் கீழே அட்டவணை போட நான் வந்து சேர்ந்தேன்.

ஒரே சமையலறை, மூன்று உப்பு ஜாடி

என் மேல் மட்டும் பழி போடாதீர்கள். அவர்கள் மூவரும் என்னை விட மோசம். ஆனால் அது மரியாதையால் வந்த மோசம்.

வீட்டுக்கு ஒரு கூடம், மூன்று அறை, பின்னால் ஒரு பெரிய சமையலறை. குடிவந்த முதல் நாளே கோதண்டம் மாமா என்னைத் தனியாக ஓரங்கட்டினார். "மாப்ள, நாங்க இருக்கறதால அவுங்களுக்குச் சங்கடம் வந்துடக் கூடாது. கொஞ்சம் ஒதுங்கியே இருந்துக்கறோம்." மாலையில் ஜமாஅத் குழுவின் ஹாஜா பாய். கடலூர் துறைமுகத்துப் பக்கம் வலை, கயிறு விற்கிறவர். என்னை விட நாலு வயது சின்னவர், என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். "மச்சான், நம்மளால அவுங்களுக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாது பாத்துக்க." மறுநாள் திருச்சபைக் குழுவின் எஸ்தர் டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை விட நான் இரண்டு வயது மூத்தவன். இருந்தாலும் என்னைத் தம்பி என்பார், நானும் அறியாமல் கையைக் கட்டிக்கொள்வேன். "தம்பி, நாங்க அவுங்க கண்ணுலயே படாம இருந்துக்கறோம், சரியா?"

சரி டீச்சர். அட்டவணை போட்டேன். யாரும் யார் கண்ணிலும் படவில்லை.

சமையலறையிலும் அப்படியே. மூன்று டீத்தூள் டப்பா, மூன்று சர்க்கரை டப்பா, மூன்று உப்பு ஜாடி. உப்புக்கு என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன்.

எஸ்தர் டீச்சரின் ஐக்கியக் குழு தனிக்கதை. அதற்குள்ளேயே நான்கு திருச்சபைகள். நான்கும் ஒற்றுமையாக இருப்பதற்காக ஒரே அறையில் நான்கு பீரோ. கிறிஸ்துமஸுக்கு நான்கு திருச்சபையும் ஆளுக்கொரு நட்சத்திரம் கொண்டுவந்து, ஒருவர் மனமும் நோகக் கூடாது என்று நான்கையும் ஒரே ஜன்னலில் கட்டினார்கள். தெருவில் போன ஒருவர் உள்ளே வந்து "சின்ன சைஸ் என்னா விலை?" என்று கேட்டார்.

ஆக, டாக்டரம்மா வந்து நின்ற அந்த நாள், சரியாக என் கால் மணி இடைவெளி. அவர் போகவில்லை. உட்கார்ந்துவிட்டார். பத்தேகாலுக்கு எஸ்தர் டீச்சர் வந்தார்.

"ஹாஜா பாய் எப்படி இருக்காரு டீச்சர்?"

எஸ்தர் டீச்சர் பொய் சொல்லாதவர். "நல்லா இருப்பாருன்னு நெனக்கிறேன் டாக்டர். தெனமும் அவரு பேர போர்டுல பாக்கறேன்."

டாக்டரம்மா எழுந்தார். வாசலில் என்னிடம் சொன்னார்: "அடுத்த புதன்கிழமை ரெண்டு வருஷம் முடியுது. வருவேன். ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர் வீட்டக் கேட்டு எழுதிருக்காரு. அந்தக் கடுதாசியையும் எடுத்துட்டு வரேன்."

அன்று மாலை சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் எனக்குக் காற்று வாங்கத் தோன்றவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி சமையலறைச் சுவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்ப நீங்க திரும்பவும் வீட்லயேவா இருப்பீங்க?"

ஒத்திகை

மூவரையும் கூட்ட வேண்டும். எந்த நேரத்தில்? அட்டவணையில் இடம் இல்லை. இடைவெளி மட்டும்தான் காலி. ஆகவே இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மூன்று செயலாளர்களும் என் கால் மணி இடைவெளியில் ஒன்றாக நின்றார்கள். நின்றார்கள் என்றுதான் சொல்ல முடியும். யாரும் முதலில் உட்காரவில்லை.

"உக்காருங்க டீச்சர்."

"பாய் உக்காரட்டும்."

"மாமா பெரியவரு, அவரு உக்காரட்டும்."

ஏழு நிமிடம் போனது. என் கடிகாரம் சாட்சி.

புதன்கிழமை ஒற்றுமைக் கூட்டம் நடத்தி டாக்டரம்மாவுக்குக் காட்டுவது என்று முடிவானது. ஆளாளுக்கு விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். "நான் விபூதி பட்டையா பூசாம வரேன்" என்றார் கோதண்டம் மாமா. "நாங்க பாட்டு பாடல" என்றார் எஸ்தர் டீச்சர். "நான் அத்தர் போடல, மாமாவுக்குத் தும்மல் வருமாம்" என்றார் ஹாஜா பாய்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன ஒற்றுமை! அப்படித்தான் நினைத்தேன் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.

புதன்கிழமை

முதல் நாள் ராத்திரியிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா பத்து மணிக்குக் குடையோடு வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு நீளக் கவர். உள்ளே ஜவுளிக்கடைக்காரரின் கடிதம் என்பது சொல்லாமலே தெரிந்தது. நாங்கள் நால்வரும் முகத்தைப் பார்க்காமல் கவரையே பார்த்தோம்.

விபூதி இல்லாத கோதண்டம் மாமா நோயாளி மாதிரி இருந்தார். பாட்டில்லாத எஸ்தர் டீச்சர் தேர்வு அறைக் கண்காணிப்பாளர் மாதிரி இருந்தார். ஹாஜா பாய்க்கு வாசனையே இல்லை. அவர் வந்ததையே நான் கவனிக்கவில்லை.

டீ வந்தது. "நீங்க மொதல்ல." "ஐயோ, நீங்க." "இல்ல, டீச்சர்." டீ ஆடை கட்டியது.

டாக்டரம்மா மெல்லக் கேட்டார்: "யாரு செத்துட்டாங்க?"

"யாரும் இல்லீங்களே."

"பின்ன ஏன் துக்கத்துக்கு வந்த சம்பந்திங்க மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவர் பேனாவைத் திறந்தார். அப்போது கோதண்டம் மாமாவின் கைபேசி அடித்தது. அவர் அதை எடுப்பதற்குள் ஹாஜா பாயுடையது. பிறகு எஸ்தர் டீச்சருடையது. மூவரும் மன்னிப்புக் கேட்டபடி எழுந்து கூடத்தின் மூன்று மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்தார்கள். மூவர் முகத்திலும் அதே அவசரம், மூவர் வாயிலும் அதே பணிவு.

"உத்தரவு வாங்கிக்கறேன். ஒரு சின்ன வேல" என்றார் கோதண்டம் மாமா.

"எனக்கும் ஒண்ணு வந்துடுச்சி" என்றார் ஹாஜா பாய்.

"ஒரு சின்ன ஜெப விஷயம்" என்றார் எஸ்தர் டீச்சர். பொய் சொல்லாதவருக்கு அன்றைக்குக் காது சிவந்திருந்தது.

வாசலைத் தாண்டுகிற எவரையும் எந்த ரூட் என்று கேட்காமல் நான் விட்டது கிடையாது. பழக்கம்.

"மாமா, எந்தப் பக்கம்?"

"குறிஞ்சிப்பாடி மாப்ள. ஒரு காலனில தண்ணி பூந்துடுச்சாம். எல்லாரும் பள்ளிக்கூடத்துல பத்தரமா இருக்காங்க. மதியத்துக்குச் சோறுதான் இல்லியாம்."

"பாய்?"

"அதே குறிஞ்சிப்பாடிதான் மச்சான்."

"டீச்சர்?"

"அந்தப் பக்கந்தான் தம்பி."

"லோடு என்னா?"

மூவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "லெமன் சாதம்."

முப்பத்திரண்டு வருஷ ரத்தம் தலைக்கு ஏறியது. ஒரே ரூட். ஒரே நேரம். ஒரே லோடு. மூன்று வண்டி! சட்டைப்பையில் தினமும் சும்மா கிடக்கும் விசில் எப்படி வாய்க்கு வந்தது என்று தெரியாது. ஊதினேன். கூடம் அதிர்ந்தது.

"நில்லுங்கய்யா! ஒரு வண்டி கூட வெளிய போவக் கூடாது! அறிவு இருக்கா உங்களுக்கு? போன தடவ அந்த ஜனத்துக்குப் பல்லு கூசினது பத்தாதா? ஓடைக்கு அந்தாண்ட இருக்கறவன் மண்ணையா திம்பான்?"

எஸ்தர் டீச்சரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்துத் தானாகக் கையைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு ஹாஜா பாய் கோதண்டம் மாமாவைப் பார்த்தார். "மாமா, உங்களுக்கும் போன் வந்துச்சின்னா என்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் பாய்..."

"தொந்தரவு பண்ணுங்க மாமா! ரெண்டு வருசமா ஒரு தொந்தரவும் இல்லாம பைத்தியம் புடிக்குது!"

அடுப்படி ரகளை

அதன்பிறகு நடந்ததை வரிசையாக எழுத என்னால் முடியாது. வரிசை என்று ஒன்று இருந்தால்தானே.

லெமன் சாதம் கூடாது என்று ஒருமனதாக முடிவானது. அன்றைக்கு ஒருமனதாக நடந்தது அது ஒன்றுதான். சாம்பார் சாதம். ஒரு மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும் என்றேன் நான். ஹாஜா பாய் ஜமாஅத் பள்ளிவாசலிலிருந்து பெரிய அண்டாவை எடுத்துவரச் சொன்னார். கோதண்டம் மாமாவின் முகம் சுருங்கியது.

"பாய், அதுல போன வாரம் பிரியாணி பண்ணாங்களா?"

"கழுவியாச்சு மாமா."

"எத்தினி தடவ?"

"நீங்க வந்து ஒரு தடவ கழுவுங்க, மனசு ஆறும்."

மாமா வேட்டியை மடித்துக் கட்டி, மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்தார். பக்கத்தில் நின்று ஹாஜா பாய் எண்ணினார். எஸ்தர் டீச்சர் நான்கு பீரோவையும் திறக்கச் சொல்லி நான்கு திருச்சபையின் பருப்பையும் ஒன்றாகக் கொட்டினார். எந்தப் பருப்பு எந்தத் திருச்சபையினுடையது என்று இனி எந்த மாநாட்டாலும் பிரிக்க முடியாது.

"கொஞ்சூண்டு பட்ட, கிராம்பு போட்டா வாசனையா இருக்கும்" என்றார் ஹாஜா பாய்.

"சாம்பார் சாதத்துல பட்டையா? ஒங்கள பிரியாணிப் பேய் புடிச்சிருக்கு பாய்."

"ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டுக் கத்திரிக்கா நறுக்குங்க. ஒரே அளவா வரணும்!" இது டீச்சர். பெரிய மனிதர்கள் இரண்டு பேரும் உடனே குனிந்து நறுக்கினார்கள். அறுபதைத் தாண்டிய நானும்.

டாக்டரம்மா சமையலறைப் படியில் வந்து உட்கார்ந்திருந்தார். கையில் அந்தக் கவர். அவரை யாரும் கவனிக்கவில்லை. "அம்மா, கால எடுங்க, வழியில உக்காராதீங்க" என்று டீச்சர் அதட்டியபோதுதான் அது யார் என்று எனக்கு ஞாபகம் வந்தது. டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் காலை மடக்கிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு ஹாஜா பாய் கரண்டியை மாமாவிடம் நீட்டினார். "தொழுதுட்டு வந்துடறேன் மாமா. பத்து நிமிசம். கிண்டிக்கினே இருங்க, அடிபுடிச்சா உங்களத்தான் கேப்பேன்." மாமா கிண்டினார். பாய் திரும்பி வந்தபோது டீச்சர் சோற்றுக்கு முன்னால் கண்ணை மூடியிருந்தார். மாமா பதறினார். "டீச்சர், சுருக்கமா ஜெபிங்க, கீழ புடிக்குது!" டீச்சர் கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்று முடித்துக் கரண்டியைப் பிடுங்கினார்.

வாசனை தெருவுக்குப் போயிற்று. நான் வெற்றிப் புன்னகையோடு ஒரு கரண்டி எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் வாயில் வைத்தார். கண் விரிந்தது. தண்ணீர் கேட்டார்.

"ஏம்பா, இது சாதமா, கடலூர்க் கடலா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூவர் கையிலும் ஒரு உப்பு ஜாடி இருந்தது. என் கையெழுத்தில் பெயர் ஒட்டிய ஜாடி. இரண்டு வருஷமாக அந்தச் சமையலறையில் தனித்தனியாகவே சமைத்துப் பழகியவர்கள். உப்புப் போட இன்னொரு ஆள் இருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நான் போட்டுட்டேனே!"

"தொழப் போறதுக்கு முன்னாடியே நான் போட்டுட்டேன்!"

"அப்ப ரெண்டு பேரும் வாயத் தெறந்து சொல்றதுதானே!"

பிறகு மூவரும் திரும்பி ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். ஜாடிகளுக்குப் பெயர் எழுதியது யார்? இரண்டு வருஷத்தில் மூன்று மதமும் முழுமனதோடு ஒன்றுபட்டது, அந்த நிமிடம் என்னைத் திட்டுவதில்தான்.

ஈர விறகு

ஒரே வழிதான். இதே அளவுக்கு இன்னும் இரண்டு மடங்கு சோறும் பருப்பும் உப்பில்லாமல் வேக வைத்துக் கலக்க வேண்டும். "மூணு பங்கா ஆயிடும். அவ்ளோ சோத்த என்னா பண்றது?" என்றார் மாமா, மனதுக்குள் எடை போட்டுக்கொண்டே.

"அங்கயும் ஓடைக்கு அந்தாண்ட ஒரு காலனி இருக்கு" என்றேன் நான். "அப்புறம் ரோட்டோரம் கூடாரம் போட்டிருக்கறவங்க. ஒரே வண்டி. மூணு ஸ்டாப்பிங்."

என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அது போதும்.

கேஸ் அடுப்பு ஒன்றுதான். கொல்லைத் தாழ்வாரத்தில் விறகடுப்பு மூட்ட வேண்டும். விறகு மழையில் நமுத்துக் கிடந்தது. கோதண்டம் மாமா குனிந்து ஊதிக் கண் சிவந்து கத்தினார். "காஞ்ச காயிதம் ஏதாச்சும் குடுங்கய்யா!"

இதோ என் தியாக நேரம் என்று முடிவு செய்தேன். கூடத்துக்கு ஓடினேன். ஆணியிலிருந்து என் அட்டவணையைப் பிடுங்கினேன். நான்கு அடி அகலம், மூன்று நிறம், இரண்டு வருஷப் பெருமை. கொல்லைக்கு வந்து எல்லார் முன்னாலும் அடுப்பில் செருகினேன்.

லேமினேஷன். எரியவில்லை. ஓரம் சுருண்டு, நாற்றமடித்து, புகைந்தது. என் வாழ்க்கையின் ஒரே தியாகத்தை டீச்சர் இடுக்கியால் வெளியே இழுத்துப் போட்டார். "தம்பி, சோத்துல பிளாஸ்டிக் வாட வரும். ஓரமா நில்லு."

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். படியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா கையில் நீளமாக, வெள்ளையாக, காய்ந்து ஒரு கவர். மாமாவுக்கு அடுப்பைத் தவிர உலகம் மறந்து போயிருந்தது.

"அம்மா, அது வேணுமா?"

சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்த ஹாஜா பாய் பாதியில் கரண்டியை நிறுத்தினார். டீச்சரின் உதடு அசைந்தது. அது சுருக்கமான ஜெபம் இல்லை.

டாக்டரம்மா கவரைப் பார்த்தார். மூன்று உப்பு ஜாடியையும் பார்த்தார். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கை நீட்டியபடி நிற்கும் மாமாவைப் பார்த்தார்.

"வேணாம். எடுத்துக்க" என்றார். "உள்ள இருக்கறதையும் சேத்து வெய். நல்லா புடிக்கும்."

நல்லாவே பிடித்தது.

ரைட் டைம்

ஹாஜா பாயின் மினி வேனில் மூன்று அண்டா ஏறியது. ஒன்றுக்கு மூடி இல்லை. மழை விழாமல் இருக்க என்ன போட்டு மூடினார்கள் என்று நீங்களே ஊகிப்பீர்கள். நான்கு அடி அகலம், அண்டா வாய்க்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. லேமினேஷன் செய்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் டாக்டரம்மா ஏறினார். யாரும் கூப்பிடவில்லை. பின்னால் சோற்று அண்டாக்களுக்கு நடுவே மாமாவும் பாயும் டீச்சரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "பாய், தள்ளி உக்காருங்க." "எங்க தள்றது, ரோட்டுக்கா?" நடுவே ஒரு தும்மல் கேட்டது. பாய் தொழப் போன இடத்தில் அத்தர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

டாக்டரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வெள்ளிக்கிழம ரிஜிஸ்டர் ஆபீசுக்கு மூணு பேரையும் கூட்டிட்டு வா. ஒரே வண்டில." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்பா டைம் கீப்பர், ஒரு மணிக்குக் கெளம்பணும்னு சொன்னியே. எவ்ளோ லேட்டு?"

என் கடிகாரத்தில் ஒன்று நாற்பத்திரண்டு.

"லேட்டா? ரைட் டைம்மா" என்றேன்.

சர்வீஸில் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். எதையும் இத்தனை சந்தோஷமாகச் சொன்னதில்லை. ஹாஜா பாய் வேனின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி "போலாம், ரைட்!" என்று கத்தினார். நான் விசிலை ஊதிவிட்டு, ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டேன். டீச்சர் என் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார்.